மண்சுவருக்குள் மின்தொழிற்பள்ளி

தொழிற்பயிற்சி நிலையம் என்றவுடன் நம் மனக்கண்முன் எழுவது யாது? நீண்டதொரு கொங்கிறீற் மண்டபம்; வெயிலை உறிஞ்சிக் கொதிக்கும் அதன் தட்டைக் கூரை; நண்பகலிலும் எரியும் விளக்குகள்; ஓயாது சுழன்றும் வெக்கையைத் தணிக்க மாட்டாத விசிறிகள்; அவற்றின் நடுவே வியர்வை ஒழுகக் கம்பி முறுக்கும் இளைஞர்கள். மின்சாரத்தைக் கையாளக் கற்பிக்கும் இடமே மின்சாரத்தை வாரி இறைக்கும் இடமாகவும் இருப்பது பல நாடுகளிலும் நாம் காணும் வழக்கம்.

இவ்வழக்கத்திற்கு மாறானதொரு தொழிற்பள்ளி பங்களாதேசத்தின் வடமேற்கு மூலையிலே, தினாஜ்பூர் மாவட்டத்து ருத்ராபூர் என்னும் சிற்றூரில் எழுந்தது. மின்தொழில் பயில்வோருக்காக 2008 ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பெற்ற அக்கட்டடத்தின் சுவர் மண்; மாடியைத் தாங்குவது மூங்கில்; அதற்கு வேண்டிய மின்சாரமோ முழுவதும் கதிரவன் தருவது. வாசகர்களையும் உடன் அழைத்துக்கொண்டு அவ்வூருக்கு ஒருமுறை சென்று வருவோம்.

வடக்கு நோக்கி

டாக்காவிலிருந்து தினாஜ்பூருக்குப் புகையிரதத்திற் செல்வது ஏறக்குறைய ஓர் இரவுப் பயணம். வழியிலே யமுனையைக் கடக்கவேண்டும். புராணக் கதைகளில் நாம் கேட்ட யமுனை வேறு. இது பிரமபுத்திரா நதி பங்களாதேசத்தினுட் புகுந்தபின் பெறும் பெயர். அக்கரை கண்ணுக்கெட்டாத அந்நதியைக் கடக்க முன்னாளிற் படகே கதியாக இருந்தது. 4.8 கிலோமீற்றர் நீளமான பெரும்பாலம் 1998 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. 2025 இல் புகையிரதத்திற்கெனத் தனிப்பாலமொன்றும் அதனருகே வந்துவிட்டது.

பொழுது விடியும்போது இருபுறமும் பலகைபோற் பரந்த சமதரை தெரிகின்றது. நெல்வயல், அதன் எல்லையில் மூங்கிற் புதர், அப்பால் ஒரு குளம், குளக்கரையில் மண்வீடுகள் சூழ்ந்த முற்றம், மீண்டும் நெல்வயல். கட்டாரிபோக் என்னும் நறுமண அரிசிக்கும் லிச்சிப் பழத்திற்கும் பெயர்பெற்ற நாடு இது. ஆறுகள் கொணர்ந்து குவித்த மண்ணே இங்கு நிலம். தை மாதத்தில் மூடுபனி கவிந்து, குளிர் 10 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. சித்திரையிலோ அனல் வீசும். ஆனி பிறந்ததும் மாதக் கணக்கிற் கொட்டும் மழை. குளிர், வெயில், மழை மூன்றிற்கும் முகங்கொடுக்கத் தெரிந்த கட்டடமே இங்கு நிலைக்கும்.

மண்ணைக் கலையாக்கும் திறமை இந்நாட்டாருக்குப் புதிதன்று. தினாஜ்பூர் நகருக்கு வடக்கே காந்தாநகரில் உள்ள காந்தஜியூ கோயிலைப் பார்த்தோர் இதனை ஐயுறமாட்டார். 1752 ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்ட அக்கண்ணன் கோயிலின் சுவர்களை அடிமுதல் முடிவரை சுட்ட களிமண் ஓவியப் பலகைகள் மூடியிருக்கின்றன. இராமாயண, பாரதக் கதைகளும் வேட்டைக் காட்சிகளும் படகுப் பயணங்களும் அவற்றிலே உயிர்பெற்று நிற்கின்றன. ஒன்பது சிகரங்களோடு விளங்கிய அக்கோயில் 1897 ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்திற் சிகரங்களை இழந்தது. சுவர்களும் சிற்பங்களும் இன்றும் நம்மை நிறுத்தி வைத்துப் பார்க்கச் செய்கின்றன.

நிலத்தின் கீழே நிலக்கரி

மேலே இத்தகைய மண்ணைக் கொண்ட மாவட்டம் கீழே நிலக்கரியைக் கொண்டிருக்கிறது. பங்களாதேசத்தில் நிலக்கரி வெட்டும் ஒரே சுரங்கம் தினாஜ்பூர் மாவட்டத்துப் பரப்புக்குரியாவிலேதான் உள்ளது. நாட்டின் முதலாவது நிலக்கரி மின்நிலையமும் அதன் அருகே 2006 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. சுரங்கத்தின் மேலிருந்த வயல்கள் சில இடங்களில் அமிழ்ந்து நீர்க்குட்டைகளாயின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன.

அதே மாவட்டத்துப் புல்பாரியில் நிலத்தை அகலத் திறந்து நிலக்கரி எடுக்கும் திட்டமொன்று முன்வைக்கப்பட்டது. பல்லாயிரம் மக்கள் வீடும் வயலும் விட்டு நீங்க வேண்டிவரும் என அஞ்சிய ஊரார் திரண்டெழுந்தனர். நம் காலத்திலே, 2006 ஓகஸ்ட் 26 ஆம் நாள் நடந்த அவ்வெதிர்ப்பூர்வலத்தின்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது, மூவர் மாண்டனர். திட்டம் நின்றுபோயிற்று.

மின்சாரத்தின் விலையை நாம் மாதாந்தச் சிட்டையிற் பார்க்கிறோம். அம்மாவட்டத்து மக்களோ அதனை நிலமாகவும் உயிராகவும் எண்ணிப் பார்த்தவர்கள். தேவையற்று எரியும் ஒவ்வொரு விளக்கிற்கும் எங்கோ ஒரு வயல் ஈடு வைக்கப்படுகிறது என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இதனை மனத்திற்கொண்டு ருத்ராபூரின் மின்தொழிற் பள்ளியை நோக்குவோமானால் அதன் அருமை நமக்கு விளங்கும்.

பச்சை வீடும் பழுத்த வீடும்

வங்கமொழியிலே மண்வீட்டைக் ‘காஞ்சா’ என்றும் செங்கல் வீட்டைப் ‘பாக்கா’ என்றும் கூறுவர். காஞ்சா என்பது பச்சை, காய். பாக்கா என்பது பழுத்தது, முதிர்ந்தது. சொல்லிலேயே ஏற்றத்தாழ்வு அமைந்துவிட்டது. மண்வீட்டில் இருப்பவன் இன்னும் பழுக்காதவன். கையில் நாலு காசு சேர்ந்ததும் அவன் செய்யும் முதல் வேலை செங்கல்லும் சீமெந்தும் வாங்குவதே.

ஆனால் அந்தப் ‘பழுத்த’ வீட்டின் கணக்கைச் சிறிது பார்ப்போம். செங்கல்லுக்கு வேண்டிய மண் வயலின் வளமான மேற்படையிலிருந்தே பெரும்பாலும் வெட்டப்படுகிறது. சூளையில் அது ஏறத்தாழ 1000 பாகை வெப்பத்திற் சுடப்படவேண்டும். அதற்கு எரிவது நிலக்கரி. நாடெங்கும் ஆயிரக்கணக்கான சூளைகள் மாரியிற் புகை கக்குகின்றன. இவ்வளவும் செலவிட்டு எழுப்பிய மெல்லிய செங்கற் சுவரும் தகரக் கூரையும் சித்திரையில் அடுப்பாகவும் தையில் பனிக்கட்டியாகவும் மாறுகின்றன. அப்புறம் விசிறி வேண்டும். விசிறிக்கு மின்சாரம் வேண்டும்.

மண்வீட்டின் மேலும் குற்றமில்லாமலில்லை. பழைய மண்வீடுகளுக்கு அத்திவாரம் இல்லை. நிலத்தின் ஈரம் சுவரிலே ஏறும், கூரையிலிருந்து விழும் மழைத்துளி தெறித்துச் சுவரின் அடியை அரிக்கும், எலி துளைக்கும். சில ஆண்டுகளிலே சுவர் சாயும். எனவே ‘மண் ஏழையின் பொருள்’ என்று மக்கள் சலித்துக்கொண்டதில் நியாயம் இருந்தது. குற்றம் மண்ணிலா, கட்டிய முறையிலா என்று கேட்க ஒருவர் வேண்டியிருந்தார்.

ஒரு மாணவியின் ஆராய்ச்சி

ருத்ராபூரிலே பணியாற்றும் கிராம முன்னேற்றச் சங்கத்தின் பெயர் தீப்சிகா. தீபத்தின் சிகை, அதாவது விளக்கின் சுடர் என்பது பொருள். ஜேர்மனியில் பிறந்த அன்னா ஹெரிங்கர் என்னும் பெண்மணி 1997 ஆம் ஆண்டில், தமது பத்தொன்பதாம் வயதிலே, அச்சங்கத்தில் தொண்டராக வந்து சேர்ந்தார். பின்னர் ஒஸ்திரியாவின் லின்ஸ் நகரிற் கட்டடக் கலை பயின்றபோது, பட்டத்திற்குரிய தமது ஆய்வாக அவ்வூருக்கு ஒரு பள்ளிக்கூடம் வரைந்தார். கையிலுள்ள பொருளையும் ஊரிலுள்ள கைகளையும் நம்புவதே முன்னேற்றத்திற்கு வழி என்பது அவர் அக்கிராமத்திற் கற்ற பாடம்.

அப்பள்ளி 2005 செப்டெம்பர் முதல் டிசெம்பர் வரையான நான்கு மாதங்களில் எழுந்தது. ஐக்கே ரொஸ்வாக் என்னும் கட்டடக் கலைஞர் துணைநின்றார். ஊர்த் தொழிலாளரும் ஆசிரியரும் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உழைத்தனர். ‘மெட்டி’ எனப்படும் அப்பள்ளி 2007 ஆம் ஆண்டில் கட்டடக் கலைக்கான ஆகாகான் விருதைப் பெற்று உலகறிந்ததாயிற்று.

மண்ணின் குற்றங்களை அவர்கள் எவ்வாறு நீக்கினர் என்பதை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். நிலத்தில் 50 சதமமீற்றர் ஆழத்திற்குச் செங்கல் அத்திவாரம் இட்டனர். அதன்மேல் ஈரம் ஏறாதபடி பொலித்தீன் தாள் இரட்டையாக விரித்தனர். களிமண்ணில் வைக்கோலைக் கலந்து, மாடுகளையும் எருமைகளையும் விட்டு மிதிப்பித்தனர். அக்கலவையை ஏறக்குறைய 65 சதமமீற்றர் உயரத்திற்கு ஒரு படையாக அடுக்கி, சில நாட் சென்றபின் கூரிய மண்வெட்டியாற் பக்கங்களைச் சீவி நேராக்கினர். அது ஒரு வாரமளவு உலர்ந்ததும் அடுத்த படை. மேலே மாடிக்கு மூன்று அடுக்கு மூங்கில். இதில் யந்திரம் எதுவுமில்லை. ஊரார் அறியாத பொருளும் இல்லை. புதிதாக வந்தது அறிவு ஒன்றே.

தேசி என்னும் தொழிற்பள்ளி

இப்பள்ளியிற் கைபழகிய தொழிலாளரைக் கொண்டே 2007 ஆம் ஆண்டில் மற்றொரு கட்டடம் தொடங்கப்பட்டது. அதுவே நாம் காணவந்த மின்தொழிற் பள்ளி. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்கள் சேர்ந்து ‘தேசி’ என ஒலிக்கின்றன. வடநாட்டு மொழிகளிலே தேசி என்றால் சொந்த நாட்டினது. பெயர் பொருளோடு பொருந்திய இடங்களுள் இதுவும் ஒன்று.

வங்கக் கிராமத்தின் வீடு என்பது தனித்தனிக் குடில்கள் சூழ்ந்த ஒரு முற்றம். உறங்க ஒரு குடில், சமைக்க ஒரு குடில், குளிக்க வேறிடம். நிலம் அருகிவரும் நாட்டிலே அவ்வாறு பரந்து கட்டினால் வயலுக்கு இடமேது? ஆகவே தேசியில் எல்லாவற்றையும் இரண்டு தளமுடைய ஒரே கட்டடத்தினுள் அடக்கினர். இரண்டு வகுப்பறைகள், இரண்டு அலுவலகங்கள், ஆசிரியர் குடியிருக்க இரண்டு இல்லங்கள், ஆசிரியருக்குக் குளியலறைகளும் கழிவறைகளும், மாணவருக்குக் கீழ்த்தளத்திலே கழிவறைகளும் கைகழுவும் தொட்டிகளும். பங்களாதேசத்தில் மண்கட்டடத்தினுள்ளேயே இவ்வசதிகளை அமைத்தது இதுவே முதன்முறை என்பர். ‘மண்வீடென்றால் நாகரிக வசதி கூடாது’ என்ற எண்ணத்திற்கு அது நேரான விடையாயிற்று.

கட்டடத்தின் மின்சாரம் முழுவதையும் சூரியத் தகடுகள் தருகின்றன. குளிக்க வெந்நீரையும் வெயிலே காய்ச்சிக் கொடுக்கிறது. ஆயினும் வியப்பு தகட்டில் இல்லை. அத்தகடு எவ்வளவு சிறிதாக இருந்தாற் போதும் என்பதிலேதான் இருக்கிறது.

முதலில் குறை, பின்பு கூட்டு

சூரிய மின்சாரத்திலே விலை உயர்ந்த பகுதிகள் தகடும் பற்றறியும். அவற்றுள்ளும் ஈயப் பற்றறி பழுதாகிக் கண்ட இடத்தில் எறியப்பட்டால் மண்ணையும் நீரையும் நஞ்சாக்கும். எனவே அறிவுடையோர் தகட்டைப் பெரிதாக்க முனையார். தேவையைச் சிறிதாக்கவே முதலில் முனைவர். அத்தேவையைத் தீர்மானிப்பது கட்டடம்.

தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தை மெல்ல மெல்ல உள்வாங்குகிறது. அவ்வெப்பம் சுவரைக் கடந்து உள்ளே வருமுன் பொழுது சாய்ந்துவிடும். இரவிலே சுவர் குளிர்ந்து மறுநாளைக்கு ஆயத்தமாகும். மாரியிலோ உள்ளே சேர்ந்த வெம்மையை அதே சுவர் விடாது காக்கும். தகரக் கூரையின் கீழே வெக்கை இறங்காதபடி தென்னந்தும்பு காப்புப் படையாக உதவுகிறது. யன்னல்களுக்குக் கண்ணாடி இட்டதனால் தை மாதத்துப் பனிக்காற்று வெளியே நிற்க, ஒளி மட்டும் உள்ளே வருகிறது. எதிரெதிரே அமைந்த திறப்புகளால் காற்று அறையின் ஊடாகச் செல்கிறது.

கூரையின் இறக்கமும் விறாந்தையும் வெறும் அழகுக்காக அமைவன அல்ல. தினாஜ்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 25½ பாகை வடக்கே உள்ளது. ஆனி மாத நண்பகலில் சூரியன் அங்கே ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல், 88 பாகை உயரத்தில் நிற்கும். மார்கழி நண்பகலிலோ தெற்கே சாய்ந்து 41 பாகை உயரமே எழும். ஆகவே தென்புறத்தில் அளவறிந்து நீட்டிய கூரை, வேண்டாத கோடை வெயிலைத் தடுத்து, வேண்டிய மாரி வெயிலை உள்ளே விட்டுவிடும். மழைச்சாரல் மண்சுவரைத் தீண்டாமற் காப்பதும் அதே நீட்டம். ஒரு கூரை மூன்று தொழில் செய்கிறது. ஒன்றிற்கும் மின்சாரம் வேண்டியதில்லை.

இனி எஞ்சுவது மாலைநேர விளக்கு, சிறு விசிறி, நீரேற்றும் யந்திரம் ஆகியனவே. அங்கும் கணக்குண்டு. 60 வாற்று இழை விளக்குகள் பத்து எரிந்தால் 600 வாற்று வேண்டும். அதே ஒளிக்கு 9 வாற்று எல்.ஈ.டி. விளக்குகள் பத்து என்றால் 90 வாற்றுப் போதும். கட்டடம் பகலில் விளக்கே கேளாதிருந்தால் அந்தத் தொண்ணூறும் இராப்பொழுதுக்கு மட்டுமே. இவ்வாறு படிப்படியாகக் குறைத்து வந்தபின், மிஞ்சிய சிறு தேவைக்குச் சிறு தகடும் சிறு பற்றறியும் போதுமானவை. முதலிற் குறைத்து, பின்பு கூட்டுவதே இக்கட்டடத்தின் சூத்திரம்.

மின்தொழில் பயிலும் மாணவன் இதை ஏட்டிலே தேடவேண்டியதில்லை. தலையை நிமிர்த்தினால் கம்பி ஓடும் வழி தெரியும். வெளியே வந்தால் தகடு தெரியும். சுவரிலே கைவைத்தால் அதன் தண்மை தெரியும். அவன் இருக்கும் கட்டடமே அவனுக்குப் பாடநூல். பங்களாதேசத்தில் 2003 ஆம் ஆண்டிலிருந்து நடந்த ஒரு திட்டத்தின் வழியே 40 லட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சூரிய மின்சாரம் சென்றது. 2022 மார்ச்சில், நாட்டின் எல்லா மக்களுக்கும் மின்சாரம் எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. இத்தனை வீடுகளிலும் கம்பி பூட்டவும் பழுது பார்க்கவும் கைதேர்ந்தோர் வேண்டும். ‘இங்கே விளக்கு வேண்டாம், யன்னலைத் திறவுங்கள்’ என்று சொல்லத் தெரிந்த தொழிலாளன் அவ்வீட்டாருக்குச் செய்யும் உதவி பெரிது.

காசு எங்கே போகிறது?

மற்றொரு கேள்வியும் நம் சிந்தனைக்குரியது. கொங்கிறீற் கட்டடம் ஒன்று கிராமத்தில் எழுந்தால், செலவிற் பெரும்பகுதி சீமெந்துக்கும் இரும்புக்குமாக ஊரை விட்டு வெளியேறும். மண்கட்டடத்திற்குப் பொருட்செலவு குறைவு, உழைப்பே மிகுதி. ஆகவே பணம் கூலியாகி ஊராரின் கையிலேயே தங்கும். கூலி பெற்றவன் அரிசி வாங்குவான்; பிள்ளைக்குப் புத்தகம் வாங்குவான். அதனோடு, வேலை முடிந்தபின் அவனிடம் ஒரு தொழில் எஞ்சும். மெட்டியிற் பழகிய கைகள் தேசியைக் கட்டின; அக்காலத்திலேயே ஊரில் மண்ணாலான மாடிவீடுகள் சிலவும் எழுந்தன. அண்மையில் மாற்றுத்திறனாளிகளுக்கான நிலையமும் பெண்களுக்கான தையற்கூடமும் சேர்ந்த ‘ஆனந்தாலயம்’ அவ்வூரில் எழுந்து, 2020 ஆம் ஆண்டில் ஓபெல் விருதைப் பெற்றது. சக்கர நாற்காலியும் மாடிக்கு ஏறும்படி அதனைச் சுற்றி ஒரு சாய்வழி வளைந்து செல்கிறது. தொழிற்பள்ளியினுள்ளே மாணவர் கற்றது மின்தொழில். அதன் சுவரை எழுப்பியோர் கற்றது கட்டடத் தொழில். ஒரே செலவில் இரண்டு பயிற்சிகள்!

எல்லா இடத்திற்கும் இதுவே மருந்து என்று நாம் சொல்ல வரவில்லை. வெள்ளத்தில் மூழ்கும் தாழ்நிலத்திலே மண்சுவர் கரைந்துவிடும். மண்ணுக்கு ஆண்டுதோறும் கவனிப்பு வேண்டும்; விரிசலைப் பூசவும் கூரையைப் பார்க்கவும் ஆள் வேண்டும். மூங்கிலுக்குப் பூச்சியும் ஈரமும் பகை. வெட்டும் பருவம் அறிந்து வெட்டி, நீரிலோ வெண்காரக் கரைசலிலோ ஊறவைத்துப் பதப்படுத்தாவிட்டால் அது உளுத்துப்போகும். கனத்த யந்திரங்கள் அதிரும் பட்டறைக்கு வேறு வகைத் தளம் வேண்டிவரும். கட்டிவிட்டு மறந்துபோக விரும்புவோருக்கு இது உகந்ததன்று.

எனினும் ருத்ராபூர் கேட்ட கேள்விகள் எவ்விடத்திற்கும் பொருந்துவன. இந்த ஊரில் வெயில் எந்தத் திசையிலிருந்து எந்த மாதத்தில் வருகிறது? காற்று எப்பக்கம் வீசுகிறது? காலடியில் என்ன பொருள் இருக்கிறது? அதனைக் கையாளத் தெரிந்தவர் யார்? தொழிற்பள்ளி ஒன்றைத் திட்டமிடுவோர் விலைப்பட்டியலைக் கையிலெடுக்குமுன் இந்நான்கையும் கேட்பாராயின், கட்டடச் செலவும் குறையும். பின்னர் ஆண்டாண்டாக வரும் மின்சாரச் செலவும் குறையும்.

தொழில் பயிலும் இளைஞருக்கும் இதிலே ஒரு செய்தி உண்டு. பச்சை என்றும் பழுத்தது என்றும் பொருள்களைப் பிரித்து வைத்தது நம் மனம். மண் எப்போதும் மண்ணாகவே இருந்தது. அதனைக் கையாளும் அறிவே ருத்ராபூரிற் பழுத்தது. ஒரு பொருளின் குற்றத்தைக் கண்டவுடன் அதனை எறிந்துவிடாமல், குற்றம் எங்கே புகுந்தது என்று பொறுமையோடு ஆராய்ந்து நீக்குபவனே தொழிலாளருட் சிறந்தவன். அத்தகையோர் கையிலே கம்பியும் விளங்கும், களிமண்ணும் விளங்கும்.